செவிலியின் கூற்று: இந்திய மருத்துவமனைகளில் செவிலியர்க்கு எதிரான வன்முறைத் தடுப்பு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவமனை நோயுற்றோர்க்குப் புகலிடம். ஆங்குப் பணிபுரிவோர்க்கு அது பணியிடம். முதல் நிலையைக் குறித்துத் தமிழில் எழுந்த எழுத்துகள் பல. இரண்டாம் நிலையைக் குறித்து எழுந்தவை மிகச் சிலவே. குறிப்பாக, இரவும் பகலும் நோயாளியின் அருகிலிருக்கும் செவிலியர் தம் பணியிடத்தில் எதிர்கொள்ளும் வன்முறை, அதனைத் தடுப்பதற்கு இந்தியாவில் மேற்கொள்ளப்பெற்ற முயற்சிகள் ஆகியவை ஆய்வாளர்தம் கவனத்தைப் போதிய அளவில் பெறவில்லை.

செவிலியர் பணி இந்தியாவில் முறையான தொழிலாக உருப்பெற்ற காலம் தொடங்கி 2024ஆம் ஆண்டு வரையிலான போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்காலத்தே எழுந்த சட்டங்களும் குழுக்களும் பல. அவை வன்முறையை வரையறுத்தபொழுது யாரைக் கேட்டு வரையறுத்தன, எதனைக் காணத் தவறின என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள். செவிலியின் கூற்று பதிவுபெறாத இடத்தில் தடுப்பு என்பது தண்டனையாகச் சுருங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

சொல்லும் தொழிலும்

'செவிலி' தமிழுக்குப் புதிய சொல் அன்று. அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாயாகச் செவிலி இடம்பெறுகிறாள். தோழி அவளுடைய மகள் என்பது இலக்கண மரபு. களவொழுக்கத்தில் கூற்று நிகழ்த்துதற்கு உரியோராக அறுவரை வகுக்கும் தொல்காப்பியச் செய்யுளியல், செவிலியை அவருள் ஒருத்தியாக வைக்கிறது. பெற்ற தாயாகிய நற்றாய்க்கு அவ்வரிசையில் இடமில்லை என்பது நோக்கத்தக்கது. ஐங்குறுநூற்று முல்லைப் பகுதியில் பேயனாரின் பாடல்கள் 'செவிலி கூற்றுப் பத்து' எனவே ஒரு தொகுதியாக அமைந்துள்ளன.

அறத்தொடு நிற்றல் என்னும் துறையிலும் செவிலிக்குத் தனியிடம் உண்டு. தலைவியின் உள்ளத்து நிகழ்ந்ததைத் தோழி செவிலிக்கு உணர்த்துவாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள். நற்றாய் வழியே அது தந்தைக்கும் தன்னையர்க்கும் சென்று சேரும். மறைந்திருந்த உண்மை உரியவரைச் சேர்வதற்கு அமைந்த வழிமுறை இது. இவ்வழியின் நடுவே நிற்பவள் செவிலி. அவள் அறிந்ததைக் கூறாதொழியின் உண்மை மேற்செல்லாது.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் உருவான 'நர்சு' என்னும் பணிப்பெயருக்கு நிகராகத் தமிழகம் 'செவிலியர்' என்னும் சொல்லைக் கொண்டது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 'தாதியர்' என்பது வழக்காயிற்று. மக்கள் பேச்சில் 'சிஸ்டர்', 'நர்சம்மா' ஆகியவை நிலைபெற்றன. இதழ்கள் 'வெள்ளுடைத் தேவதை' எனப் புகழ்ந்தன. இவ்வழக்குகளை ஒருசேர நோக்கும்பொழுது ஓர் ஒற்றுமை புலனாகிறது. தாய், உடன்பிறந்தாள், தேவதை ஆகிய மூன்றும் உறவையோ தெய்வத்தன்மையையோ சுட்டுவன. ஊதியம் பெறும் பணியாளரைச் சுட்டுவன அல்ல. தாய்க்குப் பணிநேரம் இல்லை. தேவதைக்கு முறையீடு இல்லை. பழஞ்சொல்லிலிருந்து பரிவு என்னும் பொருட்கூறு புதிய தொழிலுக்கு வந்து சேர்ந்தது. கூற்றுரிமை உடன் வரவில்லை எனலாம்.

தொழிலின் தோற்றமும் இரவுப் பணியும்

சென்னையில் 1854ஆம் ஆண்டு மகப்பேற்று மருத்துவமனையில் மருத்துவச்சியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. 1871ஆம் ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908ஆம் ஆண்டு உருவாயிற்று. தொடக்கக் காலத்தில் இப்பணிக்கு வந்தோருள் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவருமே மிகுதி. அயலாரின் உடலைத் தொடுதல், ஆண்களோடு ஒரே கூடத்தில் பணியாற்றுதல், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குதல் ஆகியவை சாதிய ஒழுங்கும் பெண்ணொழுக்கம் பற்றிய கருத்தும் வேரூன்றிய சமூகத்தில் இழிவாகக் கருதப்பட்டமையே இதற்குக் காரணம். இவ்விழிவுணர்ச்சி பணிக்கு வருவோரைக் குறைத்ததோடு நிற்கவில்லை. பணியிடத்தில் தீங்கு நேர்ந்தவளே ஐயத்துக்கு ஆளாகும் நிலையையும் அது உண்டாக்கிற்று.

1946ஆம் ஆண்டு அறிக்கை அளித்த போர் குழு, நாட்டில் அன்று இருந்த செவிலியர் எண்ணிக்கையை ஏறத்தாழ 7,000 எனவும், 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் எனவும் கணக்கிட்டது. இவ்வெண்கள் உடல்நலக் கொள்கை பற்றிய நூல்களில் பற்றாக்குறைக்குச் சான்றாகக் காட்டப்படுவன. பணியிடப் பாதுகாப்பு நோக்கில் அவற்றுக்கு மற்றொரு பொருளும் உண்டு. செவிலியர் சிலராக இருக்குமிடத்தில் ஒவ்வொருவரும் தனித்துப் பணியாற்ற நேர்கிறது. இரவில் ஒரு கூடம் முழுமைக்கும் ஒருவரே பொறுப்பு என்னும் நிலை இதன் விளைவாகும்.

இரவுப்பணி குறித்த சட்ட நிலையும் கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் பணியமர்த்துவதைத் தடைசெய்திருந்தது. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய பெண்கள் இரவுப்பணி உடன்படிக்கை, உடலுழைப்பு சாராத உடல்நலப் பணியிலுள்ள பெண்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியது. நோயாளிக்கு இரவிலும் செவிலி வேண்டும். ஆதலால் இவ்விலக்கு தவிர்க்கவியலாதது. ஆனால், இரவு பெண்களுக்குத் தீங்கு பயக்கும் எனக் கருதி ஓரிடத்தில் தடைவிதித்தவர்கள், அத்தடை பொருந்தாத இடத்தில் ஈடான பாதுகாப்புக் கடமை எதனையும் விதிக்கவில்லை. விளக்கேந்திய மாதரசியாகப் பிளாரன்சு நைட்டிங்கேலைப் போற்றும் மரபு இரவுப் பணியைப் புகழ்ந்தது. அவ்விரவின் இடர்களைப் பேசவில்லை.

1973: மும்பை நிகழ்வு

இந்தியச் செவிலியர் வரலாற்றில் பெரிதும் அறியப்பட்ட வன்முறை நிகழ்வு மும்பையின் கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் நடந்தது. அருணா இராமச்சந்திர ஷான்பாக் கர்நாடகத்தின் ஹல்திபூரைச் சேர்ந்தவர். அம்மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றியவர். 1973 நவம்பர் 27 மாலை, மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவர் நாய்ச்சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கிப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். மறுநாள் காலையே அவர் கண்டெடுக்கப்பட்டார். மூளைக்குக் குருதியோட்டம் தடைபட்டமையால் அவர் பேச்சும் உணர்வும் இழந்தார். அப்பொழுது அவருக்கு வயது 25.

இந்நிகழ்வின் கூறுகளை உற்றுநோக்குதல் வேண்டும். முதலாவதாக, தாக்கியவர் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அதே நிறுவனத்தின் ஊழியர். இரண்டாவதாக, தாக்குதலுக்கு முன்னரே பணி தொடர்பான பகை இருந்தது. ஆய்வுக்கூட நாய்களுக்குரிய உணவைத் திருடியது குறித்து அருணா அவரைக் கண்டித்திருந்தார் என்பது பதிவாகியுள்ள செய்தி. மூன்றாவதாக, தாக்குதல் நோயாளர் கூடத்தில் நிகழவில்லை. பணி முடிந்து உடை மாற்றுவதற்குச் சென்ற அடித்தளத்தில், ஆளரவமற்ற இடத்தில் நிகழ்ந்தது. பழகிய ஆள், முன்பகை, உடைமாற்ற உரிய அறையின்மை ஆகிய இம்மூன்றும் முன்னரே அறியக்கூடியவை, ஆதலால் தடுக்கக்கூடியவை.

நிகழ்ந்த பின்னர் நடந்ததும் அதே அளவு முதன்மையானது. அருணாவுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. அவர் மானம் காத்தல் என்னும் காரணத்தால் மருத்துவமனை நிருவாகம் பாலியல் வன்முறையை வெளிப்படுத்தவில்லை. வழக்கு கொலைமுயற்சி, கொள்ளை ஆகிய குற்றங்களுக்கே நடந்தது. குற்றவாளி ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அறத்தொடு நிற்றலில் உண்மை படிப்படியாக மேற்செல்லும் வழியை முன்னர்க் கண்டோம். ஈங்கு அவ்வழி நிறுவனத்தின் தலைவாயிலிலேயே அடைபட்டது. உரைக்க வேண்டியவர் பேச்சிழந்தார், அறிந்தவர் உரைக்கவில்லை, ஆவணத்தில் வன்முறையின் பெயரே மாறியது.

மும்பைச் செவிலியர் அப்பொழுது வேலைநிறுத்தம் செய்தனர். அருணாவுக்கு உரிய மருத்துவமும் தமக்குப் பாதுகாப்பான பணிச்சூழலும் வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். பின்னர், 1980களில் மாநகராட்சி அருணாவை அங்கிருந்து வெளியேற்ற முற்பட்டபொழுதும் செவிலியரே எதிர்த்துத் தடுத்தனர். 2015 மே 18ஆம் நாள் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், படுக்கைப்புண் வாராமல் காத்தனர்.

உச்சநீதிமன்றம் 2011 மார்ச் 7ஆம் நாள் அருணா வழக்கில் தீர்ப்பளித்தது. உயிர்காப்பு மருத்துவத்தை விலக்கி இறக்க விடுதல் குறித்த நெறிமுறைகளை அது வகுத்தது. அருணாவைப் பொறுத்தவரை, அவரைப் பேணிய செவிலியரின் எதிர்ப்பைக் கருத்திற்கொண்டு மனுவைத் தள்ளியது. சட்டப் பாடநூல்களில் இன்றும் இது கருணைக்கொலை வழக்கு என்றே வகைப்படுத்தப்படுகிறது. பணியிடத்தில் தாக்கப்பட்ட ஒரு செவிலியின் வழக்கு, இறப்பைப் பற்றிய சட்டத்தை நாட்டுக்குத் தந்தது. பாதுகாப்பாகப் பணியாற்றுவதைப் பற்றிய சட்டத்தைத் தரவில்லை. 1973இல் செவிலியர் முன்வைத்த இரு கோரிக்கைகளுள் முதலாவதைத் தம் கைகளால் தாமே நிறைவேற்றிக்கொண்டனர். இரண்டாவது நிறைவேறாமல் நின்றது.

பெண் பாதுகாப்புச் சட்டங்களில் மருத்துவமனை

1983ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம் மருத்துவமனையைத் தனி இடமாகக் குறித்தது. மருத்துவமனை நிருவாகத்தினரோ ஊழியரோ தம் பதவியைப் பயன்படுத்தி ஆங்குள்ள பெண்ணை வல்லுறவுக்கு உட்படுத்துவது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இத்திருத்தம் காவல்நிலைய வன்கொடுமை பற்றிய மதுரா வழக்கின் தீர்ப்புக்கு எதிராக எழுந்த போராட்டத்தின் விளைவாகும். எனினும், மருத்துவமனைக்குள்ளேயே அதிகாரம் சார்ந்த வன்முறை உண்டு என்பதைச் சட்டம் இதன்வழி ஏற்றுக்கொண்டது.

1997ஆம் ஆண்டு விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த நெறிமுறைகளும், அவற்றின் வழிவந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அடுத்த படிநிலை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் இச்சட்டம், மருத்துவமனையையும் மருத்துவ இல்லங்களையும் பணியிடமாக வெளிப்படையாகச் சுட்டுகிறது. ஒப்பந்தப் பணியாளரும் பயிற்சி பெறுவோரும் அதன் வரம்புக்குள் அடங்குவர். பணியிடத்தில் தொடர்புகொள்ள நேரும் பிறரால் தீங்கு நேராமல் காக்கும் கடமையையும் அது நிறுவனத்தார்மேல் சுமத்துகிறது. நோயாளி, உடன் வருவோர், விற்பனைப் பிரதிநிதி ஆகியோர் 'பிறர்' என்பதில் அடங்குவர். தடுப்பை நிறுவனத்தின் கடமையாக ஆக்கிய வகையில் இச்சட்டம் சிறப்புடையது. ஆயினும் அதன் எல்லை பாலியல் துன்புறுத்தல் மட்டுமே. வசைமொழி, அடிதடி, மிரட்டல் ஆகியவை பாலியல் தன்மை பெற்றாலன்றி அதன்கண் வாரா.

மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டங்கள்

அடிதடியைத் தடுப்பதற்கென வந்தவை மாநிலச் சட்டங்கள். ஆந்திரப் பிரதேசமும் தமிழ்நாடும் 2008ஆம் ஆண்டிலும், கர்நாடகம் 2009இலும், மகாராட்டிரம் 2010இலும், கேரளம் 2012இலும் இவ்வகைச் சட்டங்களை இயற்றின. பதிவுபெற்ற செவிலியரும் செவிலியர் மாணவரும் 'மருத்துவப் பணியாளர்' என்னும் வரையறையுள் இடம்பெற்றனர். தாக்குதல் பிணையில் விடவியலாக் குற்றமாயிற்று. தண்டனை மாநிலந்தோறும் வேறுபட்டது. ஆந்திரத்தில் மூன்றாண்டு வரை எனவும், தமிழ்நாட்டில் மூன்று முதல் பத்தாண்டு வரை எனவும் அமைந்தது.

இச்சட்டங்களின் தலைப்பிலேயே ஆளுக்கு நேரும் வன்முறையும் சொத்துக்கு நேரும் சேதமும் இணைத்துக் கூறப்பெற்றுள்ளன. உடைந்த கருவிக்கு அதன் விலையைப்போல் இருமடங்கு ஈடு செலுத்த வேண்டும் என இவை கணக்கு வகுத்தன. தாக்கப்பட்ட செவிலியின் விடுப்புக்கும் மருத்துவத்துக்கும் மன உளைச்சலுக்கும் அத்தகைய கணக்கு வகுக்கப்பெறவில்லை. இறந்த நோயாளியின் உறவினர் கூட்டமாகத் திரண்டு மருத்துவமனையைத் தாக்கும் காட்சியே சட்டம் இயற்றியோர் மனக்கண்ணில் இருந்தது என்பது இவ்வமைப்பால் விளங்கும். அக்காட்சி மெய்யே, ஆனால், முழுமை அன்று. மருந்து இருப்பில் இல்லாமை, மருத்துவர் வரத் தாழ்த்தல், கட்டணச் சீட்டு, படுக்கை இன்மை ஆகியவை செவிலி எடுத்த முடிவுகள் அல்ல. அவற்றை நோயாளியிடம் கூற வேண்டியவர் அவரே. ஆதலால் சினம் முதலில் அவர்மேல் பாய்கிறது. ஏச்சும் தள்ளுமுள்ளும் நாள்தோறும் நிகழ்வன. கூட்டத் தாக்குதலைப்போல் செய்தியாவதில்லை. மருத்துவரோ மேலாளரோ உடன்பணியாளரோ இழைக்கும் அவமதிப்பு இவற்றினும் மறைவானது. உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் செவிலியர் பன்னாட்டு மன்றமும் பிறவும் இணைந்து 2002இல் வெளியிட்ட நெறிமுறைகள், உடல்சார் வன்முறையோடு உளவியல் வன்முறையையும் ஒருசேரக் கருதின. இந்திய மாநிலச் சட்டங்கள் அவ்வகலத்தை எய்தவில்லை.

2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் மைய அரசு 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. கொடுங்காயம் விளைவித்தோர்க்கு ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை சிறை விதிக்கப்பெற்றது. பணிச்சூழலையோ வாழும் சூழலையோ பாதிக்கும் துன்புறுத்தலும் வன்முறை எனப்பட்டது. வாடகை வீடுகளிலிருந்து செவிலியர் வெளியேற்றப்பட்ட நிகழ்வுகள் இவ்விரிவுக்குப் பின்புலம். ஆயினும் இது கொள்ளைநோய்க் காலத்துக்கே உரியதாயிற்று. 2023 மே மாதம் கொட்டாரக்கரையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்துக் கேரளம் தன் சட்டத்தைக் கடுமையாக்கியது.

எடுக்கப்படாத பரிந்துரை

தண்டனைக்கு மாற்றாகத் தடுப்பைப் பேசிய ஆவணம் ஒன்று முன்னரே உண்டு. மைய அரசு 1987இல் சரோஜினி வரதப்பன் தலைமையில் செவிலியர் பணி குறித்த உயர்நிலைக் குழுவை அமைத்தது. 1989இல் வெளிவந்த அதன் அறிக்கை வார வேலைநேர வரம்பு, பணியிடத்துக்கு அருகே குடியிருப்பு, அகால நேரங்களில் பாதுகாப்பான போக்குவரத்து, செவிலியம் சாராத வேலைகளிலிருந்து விடுவிப்பு ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. இந்தியச் செவிலியர் மன்றமும் கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐவர்க்கு ஒருவர் என அளவு வகுத்தது. இவை நலத்திட்டக் கோரிக்கைகளாகவே கருதப்பட்டன. வன்முறைத் தடுப்பாக எண்ணப்படவில்லை. ஈங்கே ஒரு வகைப்பாட்டுப் பிழை உள்ளது. இரவில் இருவர் பணியில் இருப்பதும், உடை மாற்றப் பூட்டுடைய அறை இருப்பதும், வீடு திரும்ப வண்டி இருப்பதுமே தாக்குதலுக்கு முற்பட்ட பாதுகாப்புகள். சிறைத்தண்டனை தாக்குதலுக்குப் பிற்பட்டது.

2024ஆம் ஆண்டும் அதன் பின்னும்

2024 ஆகத்து 9ஆம் நாள் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வல்லுறவுக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, ஆகத்து 20ஆம் நாள் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஓய்வறை இன்மை, நெடுநேரப் பணி, கழிப்பறைக் குறைவு, போக்குவரத்து இன்மை, ஒளிகுறைந்த இடங்கள், காவலர் பற்றாக்குறை ஆகியவற்றை அவ்வாணை வரிசைப்படுத்தியது. இப்பட்டியலை 1973ஆம் ஆண்டு நிகழ்வோடும் 1989ஆம் ஆண்டு அறிக்கையோடும் ஒப்பிட்டால், அரை நூற்றாண்டில் இடர்கள் மாறவில்லை என்பது தெளிவாகும்.

அப்பணிக்குழுவின் அமைப்பு மற்றொன்றையும் காட்டுகிறது. பெயர் குறித்து அமர்த்தப்பெற்ற உறுப்பினர் அனைவரும் மருத்துவர்கள். பதவிவழி உறுப்பினராக அரசுச் செயலர்களோடு மருத்துவ ஆணையத்தின் தலைவரும் மருத்துவத் தேர்வு வாரியத்தின் தலைவரும் இடம்பெற்றனர். ஆணையின் பயன் செவிலியர்க்கும் உண்டு. ஆனால் செவிலியர் எவரும் உறுப்பினராக இல்லை. அக்குழு 2024 நவம்பரில் அளித்த அறிக்கை, நடப்பிலுள்ள மாநிலச் சட்டங்களும் பொதுக் குற்றவியல் சட்டமும் போதுமாதலால் தனி மையச் சட்டம் தேவையில்லை எனக் கருதியது. முன்னர்க் கண்டவாறு, அம்மாநிலச் சட்டங்கள் செவிலியின் இடர்களுள் ஒரு பகுதியையே காண்பன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தாய், உடன்பிறந்தாள், தேவதை ஆகிய வழக்குகள் செவிலியின் பரிவைப் போற்றின. பணியாளர் என்னும் நிலையில் அவர் முறையிடும் உரிமையை மங்கச் செய்தன.

2. சட்டங்கள் கூட்டத்தையும் வெளியாரையும் கண்ட அளவுக்கு, நிறுவனத்தின் உள்ளிருந்து எழும் வன்முறையைக் காணவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு விலக்கு. அதன் எல்லை குறுகியது.

3. ஆள் எண்ணிக்கை, பணிநேரம், அறை, விளக்கு, வண்டி ஆகியவையே முதன்மையான தடுப்புகள். இவற்றை வழங்காத நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் விதி வேண்டும்.

4. சிறு வசை முதல் பெருந்தாக்குதல் வரை அனைத்தையும் செவிலி தம் சொல்லில் பதிவுசெய்யவும், அப்பதிவு நிருவாகத்தால் மாற்றப்படாமல் மேற்செல்லவும் வழி வேண்டும். 2024 ஆகத்து 16ஆம் நாள் மைய நலவாழ்வு அமைச்சகம், தாக்குதல் நிகழ்ந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவர் வழக்குப் பதியச் செய்தல் வேண்டும் எனப் பணித்தது. 1973இல் அடைபட்ட வழியை இவ்வாணை ஓரளவு திறக்கிறது. ஆயினும் என்ன நிகழ்ந்தது என்பதைத் தலைவரே எடுத்துரைப்பார். தாக்கப்பட்டவரின் கூற்று அதில் இடம்பெறுதல் கட்டாயமாதல் வேண்டும்.

5. பாதுகாப்பு பற்றிய எக்குழுவிலும் செவிலியர்க்கு உறுப்புரிமை உறுதிசெய்யப்படுதல் வேண்டும்.

தமிழ் மரபு செவிலிக்கு வகுத்த கூற்றுரிமை அகவாழ்வு பற்றியது. அதனை இற்றைப் பணியிடத்துக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும், உண்மை உரியவரைச் சேரச் செவிலி வாய்திறத்தல் இன்றியமையாதது என்னும் அதன் அடிப்படையை மருத்துவமனைகளும் சட்டமன்றங்களும் ஏற்றல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.